குரலும் கூலியும்: ஒலித் தொடர்கதையும் அதன் கேட்போரும்

1

கண்ணால் வாசிக்கப்படும் கதையைப் பற்றித் தமிழ் விமர்சனம் நிறையவே பேசியுள்ளது. காதால் கேட்கப்படும் கதையைப் பற்றி அது பேசியது மிகக் குறைவு. நாவலின் தோற்றத்தை அச்சியந்திரத்தின் வருகையோடும் மத்தியதர வர்க்கத்தின் எழுச்சியோடும் இணைத்து நோக்கும் முயற்சிகள் ஈழத்திலே வலுவாக நிகழ்ந்தன. சஞ்சிகைத் தொடர்கதையின் வணிக அடிப்படையும் ஓரளவு ஆராயப்பட்டது. ஆயின், வானொலிக்கென்றே எழுதப்பட்டு, அங்கம் அங்கமாக ஒலிபரப்பப்பட்டு, பல்லாயிரம் வீடுகளிலே ஒரே வேளையிற் கேட்கப்பட்ட தொடர்கள் 'பொழுதுபோக்கு' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கி வைக்கப்பட்டன. முற்போக்கு விமர்சகர்களும் இதற்கு விலக்கல்லர்.

இப்புறக்கணிப்புக்கு இரு காரணங்களைக் கூறலாம். ஒன்று, இவ்வாக்கங்களுள் அச்சேறியவை சிலவே. அச்சில் இல்லாததை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ள நமது பல்கலைக்கழக மரபு பழகவில்லை. மற்றது, இவை பெரும்பாலும் விளம்பரதாரரின் பணத்தில் வாழ்ந்தவை. சவர்க்காரத்தையும் பற்பசையையும் விற்பதற்காகச் சொல்லப்படும் கதையில் ஆராய என்ன இருக்கின்றது என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. முதலாவது காரணம் சோம்பலின் பாற்பட்டது. இரண்டாவது காரணம் மேலோட்டமாக முற்போக்கானது போலத் தோன்றினும், கதைக்குப் பணங் கொடுத்தவனை மட்டும் பார்த்து, அதனைக் கேட்ட மக்களைப் பாராது விட்டது.

ஒலித் தொடர்கதையைப் பொறுத்தவரை முதலிற் கேட்க வேண்டிய வினா, அது உயர்ந்த இலக்கியமா அன்றா என்பதன்று. அக்குரலுக்குக் கூலி கொடுப்பவர் யார்? அக்குரலை யார் யாரோடு கூடியிருந்து கேட்கின்றனர்? ஓர் அங்கம் முடிந்து அடுத்த அங்கம் தொடங்கும் வரையுள்ள இடைவெளியில் அவர்கள் செய்வது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே இலக்கிய மதிப்பீடு பொருளுடையதாகும். இதனை விளக்குவதற்குக் கியூபாவின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் கூலி கொடுத்த குரலும், சவர்க்காரக் கம்பனி கூலி கொடுத்த குரலும் அந்நாட்டிலே ஒரே மக்களின் காதுகளை எட்டின. இரண்டையும் ஒப்பிட்டு நோக்க அதனினும் தக்க களம் அரிது. அன்றியும், புகையிலையைப் பயிரிட்டுச் சுருட்டுச் சுற்றி வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர்க்கு அக்களம் அத்துணை அந்நியமானதுமன்று.

2

சுருட்டுச் சுற்றுதல் ஓசையற்ற தொழில். கைகள் ஓயாது இயங்கும். கண் இலையை விட்டு அகலாது. காது மட்டுமே வேலையற்றிருக்கும். இயந்திர ஆலையில் நிகழ முடியாத ஒன்று சுருட்டுத் தொழிற்சாலையில் நிகழ்ந்தமைக்கு இவ்வுற்பத்தி முறையே அடிப்படையாகும். 1865ஆம் ஆண்டின் இறுதியில் ஹவானா நகரத்து 'எல் ஃபிகாரோ' தொழிற்சாலையில், வேலை நேரத்தில் ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் கேட்கும் முறை தொடங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 'பார்த்தகாஸ்' தொழிற்சாலை அதனைப் பின்பற்றியது. சத்துர்னினோ மார்த்தீனெஸ் என்னும் சுருட்டுத் தொழிலாளி நிறுவிய 'லா அவ்ரோரா' என்ற பத்திரிகை இவ்வழக்கத்தை முன்னின்று ஊக்குவித்தது.

ஸ்பானிய ஆட்சியாளர்க்கு இதன் பொருள் விரைவிலேயே விளங்கிவிட்டது. 1866 மே மாதத்தில் தொழிற்சாலை வாசிப்புத் தடைசெய்யப்பட்டது. எழுத்தறியாத ஒருவன் தானாகப் புத்தகம் வாசிக்க முடியாது. ஆனால் எழுத்தறியாத நூறு பேர் ஒரு குரல் மூலம் புத்தகம் 'வாசிக்க' முடியும் என்பதே அத்தடையின் பின்னிருந்த அச்சம். தடை நிலைக்கவில்லை. கியூபாவிலிருந்து தொழிலாளர் புளோரிடாவுக்குப் புலம்பெயர்ந்தபோது வாசிப்பும் அவர்களோடு கடல் கடந்தது. 1891 நவம்பரில் ஹோசே மார்த்தி டாம்பா நகருக்குச் சென்று கியூப விடுதலைக்கு ஆதரவு திரட்டியபோது அவர் எதிர்கொண்ட சுருட்டுத் தொழிலாளர், பல ஆண்டுகளாகக் கூடியிருந்து கேட்டுப் பழகிய ஒரு சபையினர் ஆவர்.

'லெக்தோர்' எனப்பட்ட வாசிப்பாளரைத் தெரிந்தெடுத்தவர்கள் தொழிலாளரே. குரல் வளமும் உச்சரிப்பும் சோதிக்கப்பட்டன. அவருக்குரிய ஊதியத்தை முதலாளி வழங்கவில்லை. தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் கூலியிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கினர். பத்திரிகைச் செய்திகளும் நாவல்களும் வேளை பிரித்து வாசிக்கப்பட்டன. எந்த நாவல் என்பதைத் தொழிலாளர் வாக்களித்துத் தீர்மானித்தனர். ஹியூகோ, ஸோலா, டூமா, செர்வாந்தெஸ் ஆகியோர் அவ்வாறே அவர்களை வந்தடைந்தனர். 'மொந்தேகிறிஸ்தோ' என்று இன்றும் விற்கப்படும் சுருட்டின் பெயர் டூமாவின் நாவலிலிருந்து வந்ததாகும்.

இந்நாவல்கள் காதுக்கென எழுதப்பட்டவையல்ல. எனினும் நாள்தோறும் ஒரு பகுதியாக வாசிக்கப்பட்டபோது அவை காதுக்குரிய தொடர்கதைகளாக மாறின. வாசிப்பாளர் பாத்திரத்துக்கேற்பக் குரலை மாற்றினார். வாசிப்புப் பிடித்திருந்தால் தொழிலாளர் இலை வெட்டும் கத்தியைப் பலகையிலே தட்டித் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தனர். ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்றுண்டு. குரல் கேட்போரை எட்டியது. கேட்போரின் ஓசையும் குரலை எட்டியது. கதை ஒருவழிப் பாதையாக அமையவில்லை. கேட்ட கதையைப் பற்றிய வாதம் அதே கூரையின் கீழ், அதே பலகையைச் சுற்றி நிகழ்ந்தது.

3

இம்முறையின் வீழ்ச்சி டாம்பா நகரிலே தெளிவாகத் தெரிகின்றது. 1931 நவம்பரில், வாசிப்பாளர்கள் தீவிரவாதக் கருத்துகளைப் பரப்புகின்றனர் என்று குற்றஞ்சாட்டிய முதலாளிகள் அவர்களைத் தொழிற்சாலைகளிலிருந்து அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர், முதலாளிகள் கதவடைத்தனர். வேலை மீண்டும் தொடங்கியபோது வாசிப்பாளர் திரும்பவில்லை. அவருடைய இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது.

அழிந்தது கேட்டல் அன்று. தொழிலாளர் தொடர்ந்து கேட்டனர். முன்னரிலும் கூடுதலாகவே கேட்டிருப்பர். மாறியது கூலி கொடுக்கும் கை. தாம் தெரிந்தெடுத்துத் தாமே பணங் கொடுத்த குரலுக்குப் பதிலாக, வேறெவரோ தெரிந்தெடுத்து வேறெவரோ பணங் கொடுத்த குரல் அவர்களுக்குக் கிடைத்தது. கத்தியைப் பலகையிலே தட்டினால் வானொலிக்குக் கேட்காது.

கியூபாவில் வரலாறு சற்று வேறாக அமைந்தது. 1920களிலேயே வானொலி சுருட்டுத் தொழிற்சாலைகளில் நுழைந்த போதிலும், வாசிப்பாளர் முற்றாக மறையவில்லை. இரண்டும் அருகருகே வாழ்ந்தன. புரட்சியின் பின்னரும் வாசிப்பு நிலைத்தது. 2012இல் அது நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எனவே வானொலி வந்தால் வாசிப்பாளர் போக வேண்டும் என்பது தொழில்நுட்பத்தின் விதியன்று. டாம்பாவில் அவர் வெளியேற்றப்பட்டமை வர்க்கப் போராட்டத்தின் விளைவேயாகும்.

4

வானொலிக்கென்றே எழுதப்பட்ட தொடர்கதை ஐக்கிய அமெரிக்காவில் 1930களிலே முழு உருப்பெற்றது. பகல் வேளையில், கால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்பது அதன் அமைப்பு. 'புரொக்டர் அன்ட் காம்பிள்' போன்ற சவர்க்கார உற்பத்தி நிறுவனங்களே அவற்றைப் பேணின. 1933இல் தொடங்கிய 'மா பெர்கின்ஸ்' 1960 வரை ஒலித்தது. 'சோப் ஒபரா' என்ற பெயரே அதன் பொருளாதார அடித்தளத்தை மறைக்காது கூறுகின்றது. கியூபாவிலும் நிலைமை இதுவே. கோல்கேட் நிறுவனத்தோடு தொடர்புடைய குருசேயாஸ், புரொக்டர் அன்ட் காம்பிளோடு தொடர்புடைய சபாதேஸ் ஆகிய இரு சவர்க்காரக் கம்பனிகளின் போட்டியே அங்கு வானொலித் தொடரை வளர்த்தது.

இச்சூழலில் 1948 ஏப்பிரலில் ஹவானாவின் 'சி.எம்.க்யூ.' நிலையத்திலிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கியதே பெலிக்ஸ் காய்ஞெத் எழுதிய 'பிறக்கும் உரிமை' என்னும் தொடர். 314 அங்கங்களைக் கொண்ட அது இலத்தீன் அமெரிக்காவெங்கும் மீண்டும் மீண்டும் தயாரிக்கப்பட்டது. 1952இல் மெக்சிக்கோவிலே திரைப்படமாயிற்று. பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்களின் மூலவடிவங்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுகின்றது.

செல்வச் சீமானாகிய டொன் ரஃபேல், தன் மகள் மணமாகாது பெற்ற குழந்தையைக் கொன்றுவிடுமாறு கட்டளையிடுகின்றான். மாமா டொலோரெஸ் என்னும் கறுப்பினப் பணிப்பெண் அக்குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடி, வறுமையில் வளர்த்து ஆளாக்குகின்றாள். வளர்ந்து மருத்துவனான அவன், தான் யார் என்பதை அறியாமலே தன் பாட்டனின் உயிரைக் காப்பாற்றுகின்றான். உண்மையை அறிந்த டொன் ரஃபேல் அதனை வெளியிடுமுன் நோய்வாய்ப்பட்டுப் பேச்சிழந்து போகின்றான்.

ஒலியையன்றி வேறெதுவுமற்ற ஒரு சாதனத்தில், பேச முடியாத ஒருவனைக் கதையின் மையத்தில் வைத்தமை காய்ஞெத்தின் துணிவு எனலாம். மேடையில் ஊமையைக் காணலாம். வானொலியில் ஊமை இல்லாதவனாகிவிடுவான். ஆயின் அவ்வாறு ஆகவில்லை. டொன் ரஃபேல் எப்போது பேசுவான் என்பதே கியூபாவெங்கும் பேச்சாயிற்று. அங்கம் மாறி அங்கமாக அவன் மௌனம் நீண்டது. அப்பாத்திரத்தை ஏற்ற நடிகர் ஊதிய உயர்வு கேட்டதாலேயே ஆசிரியர் அவரைப் பேச்சிழக்கச் செய்தார் என்றொரு கதை பரவலாக வழங்குகின்றது. அது உண்மையாயினும் ஆகாவிடினும், மக்கள் அதனை நம்பினர் என்பதே ஈண்டு முக்கியம். குரலுக்கும் கூலிக்கும் உள்ள உறவை நேயர்கள் அறியாதவர்களல்லர் என்பதற்கு அதுவே சான்று.

வர்க்க நோக்கிலே இத்தொடரின் குறைபாடுகள் வெளிப்படையானவை. பண்ணை முதலாளியின் கொடுமை தனிமனித அகங்காரமாகச் சுருங்குகின்றது. அதற்குரிய தீர்வும் தனிமனித மனமாற்றமாகவே அமைகின்றது. கறுப்பினத் தாயின் பெருமை அவளது தியாகத்தில் மட்டும் தங்கியுள்ளது. அவள் வளர்த்த பிள்ளையின் உயர்வு, இறுதியில் அவன் செல்வந்தர் வீட்டு இரத்தம் என்பதாலும் உறுதிப்படுத்தப்படுகின்றது. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் தாய் என்பவள் பெற்றவளா வளர்த்தவளா, குடும்ப மானம் என்பது யாருடைய உயிரை விலையாகக் கேட்கின்றது, வெள்ளைக் குடும்பத்தின் பிள்ளைகளைக் கறுப்புக் கைகள் வளர்த்தெடுக்கும் சமூகத்தில் அக்கைகளுக்கு உரிமை யாது ஆகிய வினாக்களைப் பணிப்பெண்ணும் எசமானியும் ஒரே இரவில், ஒரே வீட்டின் வேறுவேறு மூலைகளிலிருந்து கேட்டனர். கதை தந்த விடை பிற்போக்கானது. அது எழுப்பிய வினா அவ்வாறானதன்று. விடையை மட்டும் வாசிப்பவன் அச்சு விமர்சகன். வினாவோடு ஒரு நாள் முழுவதும் காத்திருந்தவர்கள் நேயர்கள்.

5

இக்காத்திருப்பின் தன்மையை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஹேர்த்தா ஹேர்சொக் குறிப்பிடத்தக்கவர். 1941இல் வெளியான அவரது ஆய்வு, நியூயோர்க் பகுதியில் பகல் நேரத் தொடர்களைக் கேட்ட 100 பெண்களுடன் நிகழ்த்திய உரையாடல்களை அடிப்படையாகக் கொண்டது. பாத்திரங்களின் துன்பத்தில் தம் துன்பத்துக்கு ஆறுதல் தேடுதல், தமக்குக் கிட்டாத வாழ்வைக் கற்பனையில் வாழ்தல், அன்றாடச் சிக்கல்களுக்கு ஆலோசனை பெறுதல் என அவர்களது கேட்டலின் பயன்களை அவர் வகுத்துக் காட்டினார். 'கடன் வாங்கிய அனுபவம்' என்பது அவரது ஆய்வின் தலைப்பிலேயே இடம்பெற்ற தொடர்.

அத்தொடரின் கூர்மையை ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் அதற்கோர் எல்லையுண்டு. நேயரைத் தனித்தனியாக விசாரிக்கும் ஆய்வு தனித்தனி நேயரையே காணும். கடன் வாங்கிய அனுபவம் ஒருத்தியின் மனத்துள் அடங்கியிருக்கும் வரை அது கடனே. அவள் மறுநாள் கிணற்றடியிலோ சந்தையிலோ மற்றொருத்தியிடம் 'அவன் செய்தது சரியோ?' என்று கேட்கும்போது அது பொதுச்சொத்தாகின்றது. அப்போது பேசப்படுவது பாத்திரத்தின் வாழ்க்கை மட்டுமன்று. தன் கணவனைப் பற்றி, தன் சீதனத்தைப் பற்றி, தன் மாமியாரைப் பற்றி நேராகப் பேச முடியாதவள் கதாபாத்திரத்தின் பெயரால் அவற்றைப் பேசுகின்றாள். அங்கம் முறியும் இடத்தைத் தீர்மானிப்பவன் கூலி கொடுப்பவன். முறிந்த பின் வரும் இடைவெளி நேயருக்குரியது.

பொதுப்பணத்தில் இயங்கும் ஒலிபரப்பும் இவ்விதிக்கு விலக்கன்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'தி ஆச்சர்ஸ்' 1951 ஜனவரி முதலாந் திகதி நாடளாவிய தொடராகியது. போரின் பின்னர் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்த காலத்தில், விவசாயத் தகவலைக் கதை வழியாக விவசாயியிடம் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். சவர்க்காரத்துக்குப் பதிலாக அரசின் கொள்கை வந்தது. ஆனால் 1955 செப்தெம்பர் 22ஆந் திகதி, பிரித்தானியாவில் வர்த்தகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவில், கிரேஸ் ஆச்சர் என்னும் இளம் மனைவி தீ விபத்தில் இறந்தாள். அவளுக்காக மக்கள் அழுதனர். போட்டி நிலையத்தின் முதல் இரவு எது என்பதைக் கதையின் உள்ளார்ந்த தேவை அறியாது; நிர்வாகம் அறியும். எனினும் அம்மரணத்தை ஒரு நாட்டின் பொதுத் துக்கமாக்கியது நிர்வாகமன்று. பல இலட்சம் நேயரே.

6

இனி ஈழத்து நிலைமைக்கு வருவோம். கூடியிருந்து, நாளுக்குச் சிறிதாகக் கதை கேட்கும் வழக்கம் வானொலியோடு நமக்கு வந்ததன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் பல நாட்களுக்குத் தொடரும். ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். காதுக்குரிய தொடர் ஒன்றின் எல்லா இலக்கணங்களும் அதற்குண்டு. ஆனால் அந்த மண்டபத்தில் யார் அமரலாம், யார் வெளிவீதியோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிற் கதவு திறக்கப்பட வேண்டுமென்று போராட வேண்டியிருந்தமையை மறந்து, படன மரபைப் பொதுமக்கள் மரபென்று வாளாது புகழ்தல் பொருந்தாது.

மற்றொரு மரபு சுருட்டுக் கொட்டிலுக்குரியது. தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் உரத்து வாசிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கொட்டில்களிலும் இருந்தது. ஹவானாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இன்றியே இது தோன்றியிருத்தல் வேண்டும். ஒரே தொழில்முறை ஒரே பண்பாட்டுத் தேவையைத் தோற்றுவித்தது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. கோயில் மண்டபத்தின் கேட்டல் சாதியால் வரையறுக்கப்பட்டது. கொட்டிலின் கேட்டல் உழைப்பால் உருவானது.

இவ்விரு மரபுகளும் உயிரோடிருந்த காலத்திலேயே இலங்கை வானொலியின் தொடர்நாடகங்கள் ஒலிக்கத் தொடங்கின. 1961இல் மறைந்த இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' அவற்றுள் முன்னோடியானது. யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழ் அதிலே வாழ்ந்தது. 1960களின் முற்பகுதியில், சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுமொழி கையாளப்பட்டமையை 'இழிசனர் வழக்கு' என்று மரபுவாதிகள் பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர் அதற்கு எதிராக வாதிட்டு வென்றனர். அவ்வெற்றி நமது இலக்கிய வரலாறுகளிலே பதிவாகியுள்ளது. ஆயின் அச்சில் அவ்வாதம் நடைபெறுமுன்னரே பேச்சுமொழி வானொலியில் மக்களின் செவிக்குப் பழக்கமாகியிருந்தது என்பதை யாரும் கணக்கிலெடுக்கவில்லை. கண் ஏற்க மறுத்ததைக் காது முன்னரே ஏற்றுக்கொண்டிருந்தது.

பின்னர் வர்த்தக ஒலிபரப்பிலே சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' முதலியன பெருந்தொகையான நேயரைப் பெற்றன. பின்னையது 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அந்நகைச்சுவைத் தொடரில் யாழ்ப்பாணத்தவர், முஸ்லிம், பிராமணர், சிங்களவர் எனப் பலர் தத்தம் தமிழைப் பேசினர். அதன் நகைச்சுவை எளிமையானது. சில இடங்களில் மலினமானதும் கூட. ஆனால் நாவலாசிரியர்கள் தத்தம் பிரதேசத்தின் மண்வாசனையைத் தனித்தனியே தேடிக்கொண்டிருந்த காலத்தில், பல தமிழ்களும் ஒரே கூரையின் கீழ் முட்டிமோதிச் சிரித்த இடம் வானொலித் தொடரே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலையகத்து லயங்களில் ஒரு காம்பராவில் ஒலிக்கும் வானொலி அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியையும் குரல் தடையின்றிக் கடக்கும். மண்டபத்திலே அமர இடமில்லாதவனுக்கு வானொலியின் குரலைக் கேட்க எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. வானொலிப் பெட்டி யாருடைய வீட்டில் இருந்தது, வேலிக்கு அப்பால் நின்று கேட்டவர் யார் என்னும் வினாக்கள் உள்ளன. விளம்பரதாரர் விரும்பாத எதுவும் வர்த்தக ஒலிபரப்பிலே இடம்பெற்றிருக்க முடியாது. ஆயினும் கேட்டல் என்பது வெறும் சோம்பற் செயலன்று என்பதற்கு நமது அண்மைக்கால வரலாற்றிலேயே ஓர் அழியாத காட்சி உண்டு. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை; மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னில் வானொலியைக் கேட்டனர். செய்திக்காகத் தொடங்கிய அவ்வேற்பாட்டிலே பாட்டும் நாடகமும் சேர்ந்தே கேட்கப்பட்டன. ஒருவர் சுழற்ற ஏனையோர் கேட்பர். கை சோர்ந்தால் மற்றொருவர் சுழற்றுவார். சுழற்றல் நின்றால் குரலும் நின்றுவிடும். அங்கே குரலுக்குரிய கூலியை நேயர்களே தம் உடலுழைப்பாற் செலுத்தினர். ஹவானாவின் தொழிலாளர் காசாகக் கொடுத்ததை இவர்கள் கையின் வலியாகக் கொடுத்தனர்.

7

இன்று ஒலித் தொடர்கதை புதிய உருவில் மீண்டும் வந்துள்ளது. கைப்பேசிச் செயலிகளில் இந்திய மொழிகள் பலவற்றிலும் நூற்றுக்கணக்கான அங்கங்களைக் கொண்ட தொடர்கள் கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றில் முதற் சில அங்கங்கள் இலவசம். பின்னர் ஒவ்வோர் அங்கத்தையும் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். நேயரே பணங் கொடுக்கின்றார் என்ற அளவில் இது ஹவானாவின் முறையை ஒத்ததுபோலத் தோன்றலாம். உண்மையில் இது அதன் நேர் எதிர்நிலை. அங்கே கூடிப் பணங் கொடுத்தனர், கூடித் தெரிந்தெடுத்தனர், கூடிக் கேட்டனர். இங்கே ஒவ்வொருவரும் தனியே பணங் கொடுத்து, காதுக்குள் செருகிய செவியொலிப்பானோடு தனியே கேட்கின்றனர். ஒரே பேருந்திலே அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் ஒரே கதையைக் கேட்டாலும் அதனை அவர்கள் அறியமாட்டார்கள். ஒருவர் பன்னிரண்டாம் அங்கத்திலும் மற்றவர் இருநூறாம் அங்கத்திலும் இருப்பின், அவர்களிடையே பேசுவதற்குப் பொதுவான நாளையும் இல்லை, நேற்றும் இல்லை.

சவர்க்காரக் கம்பனிகூட இடைவெளியை நேயரிடம் விட்டு வைத்தது. எல்லோரும் ஒரே நாளுக்குக் காத்திருந்தனர். புதிய வணிகமுறை அவ்விடைவெளியையும் விலைப்பொருளாக்கிவிட்டது. காத்திருக்க விரும்பாதவன் காசு கொடுத்தால் போதும். ஒலித் தொடரின் இவ்வளர்ச்சியில் உண்மையான இழப்பு இலக்கியத் தரமன்று. காத்திருந்தவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சே அவ்விழப்பு.

இவ்விடத்தில் விமர்சகரின் பணி இரட்டிப்பாகின்றது. முதலாவது, நமது வானொலித் தொடர்களின் பிரதிகளும் ஒலிநாடாக்களும் எங்கெங்கு எஞ்சியுள்ளன என்று தேடிப் பேணுதல். அதனினும் அவசரமானது, அவற்றைக் கேட்டவர்களின் நினைவுகளைப் பதிதல். பிரதி காகிதத்தில் சில காலம் இருக்கும். கேட்ட செவிகள் நம் கண்முன்னே மறைந்து வருகின்றன. தொடர் முடிந்ததும் குசினியிலே, கொட்டிலிலே, லயத்திலே என்ன பேசினீர்கள் என்று முதியோரிடம் கேட்கும் ஆய்வு மாணவர் ஒருவர், பத்து நாவல்களின் கதைச்சுருக்கத்தை எழுதுபவரைவிட நமது சமூக வரலாற்றுக்குக் கூடுதலாகப் பங்களிப்பார்.

இரண்டாவது, இன்று ஒலிக்கதை எழுத முனைவோர்க்கு உரியது. முற்போக்கான கருத்தைப் பாத்திரத்தின் வாயிலே திணிப்பதால் ஒலித் தொடர் முற்போக்கானதாகிவிடாது. டொன் ரஃபேலின் மௌனம் நமக்குக் கற்பிப்பது, சொல்லப்பட்டதைவிடச் சொல்லாது விடப்பட்டதே மக்களைப் பேசவைத்தது என்பதாகும். கேட்போர் ஒருவரோடொருவர் வாதிட இடம்விட்டு முறியும் கதை, அவர்களை மீண்டும் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவரும் ஏற்பாட்டோடு சேர்ந்தால், பழைய கொட்டிலின் பணியைப் புதிய கருவியாலும் செய்யலாம். நூலகத்திலே, சனசமூக நிலையத்திலே, தொழிலாளர் கூடும் இடத்திலே ஒரு தொடரை வாரம் ஓர் அங்கமாகக் கூடியிருந்து கேட்டுக் கலந்துரையாடுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. குரலுக்குரிய கூலியைக் கூடிக் கொடுக்கும் மனமே தேவை.

சுருட்டுத் தொழிலாளர் கத்தியைப் பலகையில் தட்டியபோது எழுந்த ஓசை எந்தப் பிரதியிலும் பதிவாகவில்லை. ஆயினும் ஒலிக்கதையின் வரலாற்றிலே மிகச் சிறந்த விமர்சனம் அதுவேயாகும். அவ்வோசையைக் கேட்கப் பழகாதவரை, நமது விமர்சனம் பாதிச் செவிடாகவே இருக்கும்.